ரபியா சாச்சியின் இங்கிலீசு

ரபியாவுக்கு மொத்தம் முப்பத்திரண்டு இங்கிலீசுச் சொற்கள் தெரியும். அதில் ஒன்பது சவர்க்காரங்களின் பெயர். மீதியில் பாதி, "கெதியா வா", "முடிச்சியா", "அதைத் தொடாதே" என்று வீட்டுக்காரி வேலைக்காரியைப் பார்த்துச் சொல்லக்கூடியவை. இந்த விவரம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் அவள் வெகுநாளாக நினைத்திருந்தாள்.

ஊர் என்றால், குறிஞ்சிப்பிட்டிக்கு இந்தப் பக்கம், வெங்காயத் தோட்டத்துக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில் நூற்றுச் சொச்சம் வீடு. எல்லாரும் மன்னாரிலிருந்து வந்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் முஸ்லிம்கள் எல்லாரும் அங்கிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது ரபியாவுக்கு ஒன்பது வயது. முகாமில் பள்ளிக்கூடம் பின்னேரம்தான். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, அவர்கள் உட்கார்ந்த சூடு ஆறாத வாங்குப் பலகையில் இவர்கள் உட்காருவார்கள். அப்படி ஆறாம் தரம் வரை படித்தாள். பிறகு தம்பிமாரைப் பார்க்க வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது. படிப்பு அத்தோடு சரி. இருபது வயதில் ஹஸனைக் கல்யாணம் முடித்தாள். ஹஸன் லொறியில் வெங்காய மூட்டை ஏற்றுகிறவர். பேச்சு குறைவு, பசி கூடுதல்.

ஆனால் அவளுக்கு ஒரு தலை இருந்தது. எதைக் கேட்டாலும் அப்படியே பிடித்துக்கொள்கிற தலை. குர்ஆனில் கால்வாசிக்கு மேல் மனப்பாடம். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, அவளைச் சித்தி முறையில் சாச்சி என்று கூப்பிடுகிற இருபது பிள்ளைகள் அவளுடைய முற்றத்தில் பாய் விரித்து ஓதுவார்கள். அவள் ஒரு வரி சொல்ல, அவர்கள் ஒரு வரி சொல்ல, இருபது தலையும் முன்னும் பின்னும் ஆடும். அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. ஓதும்போது ஆராவது உன்னை நிறுத்தினால் நீ பிழை விட்டிருக்கிறாய் என்று அர்த்தம். வாய் காட்டாதே. உன்னுடைய சொல் ஒன்றைக்கூட நடுவில் போடாதே. கண்ணை மூடு, முதல் சொல்லுக்குப் போய்த் தலையிலிருந்து தொடங்கு. அல்லாஹ்வின் வார்த்தைக்கு அது நல்ல சட்டம். அந்த முற்றத்தில் படித்த பிள்ளைகள் ஓதலில் தடுமாறியதே இல்லை.

நடுவில் இரண்டு வருஷம் வீட்டு வேலைக்குப் போய்க் குவைத்தில் இருந்தாள். குசினியில் நின்றாள், பாத்திரம் கழுவினாள், 'மடம்' என்று கூப்பிட வேண்டிய வீட்டுக்காரியிடம் அரபியில் ஏச்சு வாங்கினாள். திரும்பி வந்து, "மடத்தோட இங்கிலீசுலதான் கதைக்கிற" என்று ஒருமுறை சும்மா சொன்னாள். வாங்கிய ஏச்சைச் சொல்ல முடியாத இடத்தில் ஆரும் இப்படி ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். சொன்னது பொய். ஆனால் சொன்ன நேரத்தில் கேட்டவர்களின் கண் விரிந்தது. அது நன்றாக இருந்தது.

யுத்தம் முடிந்து ஆறாவது வருஷம் அந்தப் பொய் முளைத்தது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே இங்கிலீசு டீச்சர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வேறு ஆள் வரும், வரும் என்று ஒன்றரைத் தவணை போனது. அதிபர் லத்தீப் சேர் பெற்றோர் கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டார்.

"தாய்மாரில ஆருக்காவது கொஞ்சம் இங்கிலீசு தெரியுமா? பெரிசா ஒண்டும் வேணாம். அந்தப் பாட நேரத்துல புள்ளைகளோட உக்காந்து வாசிக்க வெச்சாப் போதும்."

கூரையில் தகரம் வெயிலுக்கு டக்கென்று சத்தம் போட்டது. அப்போதுதான் மர்ளியா, ரபியாவை அக்கா முறையில் ராத்தா என்கிற பக்கத்து வீட்டுக்காரி, முழங்கையால் இடித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னாள்.

"எங்கட ரபியா ராத்தா இருக்காவே சேர்! குவைத்துல மடத்தோட இங்கிலீசுல சண்ட புடிச்சவ!"

எல்லாத் தலையும் திரும்பியது. ரபியா "இல்ல" என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். தமிழ்ச் சொல்தான். அவள் முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு, "அவ்வளவு இல்ல சேர்" என்றாள். அப்படிச் சொன்னால் நிறையத் தெரியும் என்றுதான் ஊரில் அர்த்தம்.

தரம் ஏழில் பதினொரு பிள்ளைகள். முதல் இரண்டு வாரம் அவள் அவர்களைப் புத்தகத்தைத் திறந்து மனசுக்குள் வாசிக்கச் சொன்னாள். சத்தமாக வாசித்தால் பிழையைத் திருத்த வேண்டி வருமே. மூன்றாம் கிழமை லத்தீப் சேர் ஒரு தாளோடு வந்தார். வலய மட்ட ஆங்கில தினப் போட்டி. ஒரு பிள்ளையைப் பேச அனுப்ப வேண்டும். தலைப்பு 'எங்கள் கிராமம்'. பேச்சை எங்கேயோ ஒரு சிநேகிதரிடம் எழுதி வாங்கியிருந்தார்.

"ஆர அனுப்புவம்?"

"ஸஃப்னா" என்றாள் ரபியா. யோசிக்கவே இல்லை. ஸஃப்னா உப்பளத்தில் வேலை செய்யும் அத்தாஉல்லாவின் மகள். பெற்ற உம்மா வெளிநாட்டில். ரபியாவின் முற்றத்தில் ஓதுகிற பிள்ளைகளில் அவளைப் போலத் தலை உள்ள இன்னொரு பிள்ளை இல்லை. ஒரு பக்கத்தை மூன்று தரம் கேட்டால் நாலாம் தரம் திருப்பிச் சொல்லுவாள்.

சிக்கல் தாளில்தான் இருந்தது. ரபியா அதை உயர்தரம் படிக்கிற அகீலாவிடம் கொண்டுபோய், தொலைபேசியில் பதிய வாசிக்கச் சொன்னாள்.

"ஏன் சாச்சி, நீங்களே வாசிக்கலாமே?"

"கண்ணாடி ஒடஞ்சு போச்சு மகள்."

அவளுக்குக் கண்ணாடியே இல்லை.

பிறகு சமைக்கும்போதெல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் தொலைபேசியைச் சாய்த்து வைத்து அந்தப் பேச்சைக் கேட்டாள். கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதினாள். ஹஸன் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "இந்தப் புள்ள எப்ப கதைச்சு முடிக்கும்? சோறு கருகுது" என்றார். ஆறு கிழமை, ஓதல் முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகு, ஸஃப்னா தனியாக இருந்து அதைச் சொன்னாள். ஒரு வரி ரபியா, ஒரு வரி ஸஃப்னா. தலை முன்னும் பின்னும் ஆடியது. ரபியா சும்மா சும்மா கையைத் தட்டி நிறுத்துவாள். ஸஃப்னா கண்ணை மூடித் தலையிலிருந்து தொடங்குவாள். கடைசியில் ஆடு வந்து பாயைத் தின்றாலும் அந்தப் பிள்ளை ஒரு சொல் தடுமாறாத நிலைமைக்கு வந்துவிட்டது.

போட்டி புத்தளம் டவுனில் ஒரு மண்டபத்தில். லத்தீப் சேர் வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்தார். அத்தாஉல்லா மகளின் காலுக்குக் கறுத்த சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் கொடுத்திருந்தார். அது ஒரு இலக்கம் பெரிது, வளருகிற பிள்ளை என்று. மண்டபத்தில் டவுன் பிள்ளைகள் தங்களுக்குள் இங்கிலீசிலேயே சிரித்துக்கொண்டார்கள். ரபியா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மர்ளியா பக்கத்தில். லத்தீப் சேர் சாப்பாட்டுப் பார்சல் எடுக்க வெளியே போயிருந்தார்.

ஸஃப்னா மேடைக்கு ஏறினாள். "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று தொடங்கினாள். அவள் கொஞ்சம் ஆடினாள், ஆடாமல் அவளுக்குச் சொல்ல வராது. முதலில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு சொல் பிசகவில்லை. ராகம் ஏறி இறங்கி, கடைசி வரி வந்து அமைதியாக நின்றது. மண்டபம் கைதட்டியது. கடைசி வரிசையில் ரபியாவின் உதடும் கூடவே அசைந்து, கூடவே நின்றது.

நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மக்டலின் மிஸ், சிலாபப் பக்கத்திலிருந்து வந்தவர். நரை கலந்த கொண்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவர் சிரித்த முகத்தோடு மைக்கைப் பிடித்து ஸஃப்னாவிடம் இங்கிலீசில் ஏதோ ஒன்று கேட்டார். ஒரே ஒரு சின்னக் கேள்வி. மற்றப் பிள்ளைகளிடமும் அப்படி ஒவ்வொன்று கேட்டவர்தான்.

ஸஃப்னா அவரைப் பார்த்தாள். நிறுத்திவிட்டார்கள். அப்படியென்றால் எங்கேயோ பிழை. அவள் கண்ணை மூடினாள்.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்..."

மக்டலின் மிஸ் கையைக் காட்டி நிறுத்தி, அதையே இன்னும் மெதுவாகக் கேட்டார். ஸஃப்னா தலையிலிருந்து தொடங்கினாள், இந்த முறை வேகமாக. மண்டபம் சிரித்தது. மூன்றாம் முறை மிஸ் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேடைக்குக் கிட்டப் போய், நெஞ்சில் கை வைத்து, போட்டிச் சட்டப்படி இங்கிலீசிலேயே கேட்டார். ஸஃப்னா அழுதுகொண்டே "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்றாள். அழும்போதும் ராகம் பிசகவில்லை. பின்னால் ஆரோ மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

மிஸ் திரும்பி மண்டபத்தைத் தேடுவது போலப் பார்த்தார். ஸஃப்னாவும் பார்த்தாள். அவள் கண் கடைசி வரிசைக்கு நேராக வந்தது.

ரபியா குனிந்து தன் செருப்பைத் தேடினாள். செருப்பு காலில்தான் இருந்தது.

வானில் வரும்போது ஸஃப்னா முன் சீட்டில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். மர்ளியா பின்னால் இருந்து, கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு வான் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"நீங்க பாவம் ராத்தா. ஆறு கெழம ஒங்கட தொண்ட போச்சு. அந்தப் புள்ள பயந்து கெடுத்துட்டுது, என்ன?"

"ஓம்" என்றாள் ரபியா. "பயந்துட்டா."

முன் சீட்டில் அந்தச் சின்னத் தலை கொஞ்சம் கீழே இறங்கியது.

அடுத்த கிழமை ஸஃப்னா பள்ளிக்கூடம் வரவில்லை, ஓதவும் வரவில்லை. அவள் கடைக்குப் போனால் ரோட்டில் நிற்கிற பொடியன்மார் ஆடி ஆடி "லேடீஸ் அண்ட்" என்று தொடங்கினார்கள். ஆறாம் நாள் அத்தாஉல்லா ஒரு கோர்வை மீனோடு ரபியாவின் வாசலில் வந்து நின்றார். உப்பளத்து வெயிலில் கண்ணைச் சுருக்கியே பழகியவர், நிழலிலும் சுருக்கினார்.

"இத வெச்சிக்கொள்ளுங்க ராத்தா. எங்கட புள்ளயால ஒங்களுக்கு வெக்கமாப் போச்சு. மனசுல வெச்சிக்கிற வேணாம்."

"அப்படியெல்லாம் ஒண்டும் இல்ல தம்பி."

"அவள் இனிப் போகமாட்டாளாம். நானும் பாத்தன், தம்பியப் பாத்துக்கொண்டு ஊட்டுல நிக்கட்டும். எல்லாருக்கும் படிப்பு ஏறாதுதானே."

மீனை வாங்கிய கை ரபியாவுடையதுதான். ஆனால் அது வேறு ஆருடையதோ போலக் கனத்தது. அந்த மீனை அவள் சமைத்தாள். ஹஸன் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவளால் ஒரு துண்டு இறக்க முடியவில்லை. தம்பிமாரைப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது என்று தன் கதையை அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! இப்போது அதே கதையை இன்னொரு வீட்டில் அவளே தொடங்கி வைத்திருக்கிறாள்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனாள். அத்தாஉல்லா வேலைக்குப் போயிருந்தார். ஸஃப்னா கிணற்றடியில் தம்பியின் களிசானைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்க்காமலே கேட்டாள்.

"சாச்சி, நான் எந்த எடத்துல பிழ விட்ட?"

"நீ பிழ விடல்ல மகள்."

"அப்ப ஏன் நிறுத்தின? அந்த மிஸ் என்ன கேட்டா?"

ஆறு நாளாக அதே கேள்வியைத்தான் ரபியாவும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று தரம் கேட்ட கேள்வி. மைக்கில், மெதுவாக, நெஞ்சில் கை வைத்து. அந்தப் பிள்ளைக்கு விளங்காதது போலத்தான் அவளுக்கும் விளங்கவில்லை.

"நாளைக்குச் சொல்றன்" என்றாள்.

அகீலா மண்டபத்தில் இருக்கவில்லை. அந்த நேரம் வெளியே போயிருந்த லத்தீப் சேரிடம் கேட்கப் போனால் சேர் இவளையல்லவா கேட்பார். மிச்சம் இருந்தது கேட்டவர் மட்டும்தான். முகம் தெரியாத ஆளுக்கு முன்னால் வெட்கப்படுவது கொஞ்சம் லேசு என்று ரபியா கணக்குப் போட்டாள். மக்டலின் மிஸ் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்கு வருஷா வருஷம் வந்து ஓலைக் குடிசையாக வாடி போட்டுத் தங்குகிறவர் என்று வானில் லத்தீப் சேர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். திருநாள் தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது.

பஸ்ஸில் வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகச் சனம். அபாயா போட்டவள் அவள் ஒருத்திதான். அன்னம்மாள் கோயில் மைதானம் முழுக்க ஓலை வாடிகள், புகை, பிள்ளைகளின் அழுகை, சிங்களத்திலும் தமிழிலும் ஒலிபெருக்கி. இன்னாசிப்பிள்ளை என்று ஒரு வயதானவர், பூட்டிய கடைக்குக் காவல் இருந்தவர், "கொண்ட போட்ட டீச்சரா? அந்தா, பருப்பு கருகுற வாடி" என்று கை காட்டினார்.

மக்டலின் மிஸ் உண்மையிலேயே பருப்பைக் கருக்கிக்கொண்டிருந்தார். ரபியா நின்ற நிலையிலேயே சொல்லத் தொடங்கினாள். உட்கார்ந்தால் வராது என்று தெரியும்.

"மிஸ், அண்டைக்குப் புத்தளத்துல ஒரு புள்ள திருப்பித் திருப்பித் தொடங்கினாவே..."

"ஐயோ, அந்தப் புள்ள!" மிஸ் அகப்பையை வைத்துவிட்டார். "எனக்கு ரெண்டு நாள் நித்திர இல்ல. நீங்க தாயா?"

"இல்ல மிஸ். நீங்க அவக்கிட்ட என்ன கேட்டீங்க?"

"நீங்க மண்டபத்துல இருக்கேல்லயா?"

"இருந்தன்." ரபியா நிலத்தைப் பார்த்தாள். "எனக்கு வெளங்கல்ல."

மிஸ் ஒரு மரப் பெட்டியை இழுத்துப் போட்டு அவளை இருக்கச் சொன்னார். பருப்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினார்.

"நான் வேறொண்டும் கேக்கல்ல தங்கச்சி. இவ்வளவு வடிவா உனக்குச் சொல்லித் தந்தது ஆரு எண்டு கேட்டன். அந்த ஆள் மண்டபத்துல இருந்தா எழும்பச் சொல்லிக் கைதட்டலாம் எண்டு நினைச்சன்."

மிஸ் தொடர்ந்து கேட்டார்.

"ஒரு விசயம் சொல்லுங்க. உங்கட ஊருக்குப் பின்னால நீர்வீழ்ச்சி இருக்கா?"

"நீர்வீழ்ச்சியா?"

"காலமையில பனி மூடும், தேயிலை மலையில நீர்வீழ்ச்சி விழும் எண்டுதானே புள்ள சொன்னா. நான் நெனச்சன், கற்பிட்டிப் பக்கம் எப்ப மல முளைச்சது எண்டு."

ஆறு கிழமை. ஆறு கிழமையாக வெங்காயத் தோட்டத்துக்கும் களப்புக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆருடையதோ மலைநாட்டு ஊரை ஒரு பிள்ளையின் தலைக்குள் ஏற்றியிருக்கிறாள். மிஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது என்று ரபியாவுக்குத் தோன்றியது. மிஸ் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடிக்கும்போது, எப்போதோ முகாமில் அழுதது போல அழுதாள்.

திரும்பி வரும்போது அத்தாஉல்லா வீட்டில் இருந்தார். ஸஃப்னா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ரபியா கதிரையில் இருக்கவில்லை.

"தம்பி, ஒங்கட மகள் ஒரு பிழயும் விடல்ல. பிழ என்ட. எனக்கு இங்கிலீசு தெரியாது. தெரியும் எண்டு பொய் சொன்ன. குவைத்துல நான் கதைக்கவே இல்ல. வானுல, புள்ள பயந்துட்டா எண்டு அவக்குக் கேக்கவே சொன்ன. அதுவும் பொய்."

விளக்குமாற்றோடு நின்ற ஸஃப்னாதான் பேசினாள்.

"இங்கிலீசு தெரியாதெண்டு எங்களுக்குத் தெரியும் சாச்சி."

"என்ன?"

"ஒங்கட தாளுல எல்லாம் தமிழ் எழுத்துத்தானே. அதுக்கு முந்தி, நீங்க ஒரு வரியும் வாசிச்சுக் காட்டாத முதல் கெழமையே வகுப்பு முழுக்கத் தெரியும். ஒங்களுக்கு வெக்கமாப் போகுமெண்டு ஆரும் சொல்லல்ல."

பதினொரு பிள்ளைகள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, மனசுக்குள் வாசிப்பது போல, அவளைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மண்டபத்தில் பட்டதும் மிஸ்ஸுக்கு முன்னால் பட்டதும் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ரபியா தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குள்ளிருந்தே அந்தக் கேள்வியைச் சொன்னாள்.

"ஒனக்குச் சொல்லித் தந்தது ஆரெண்டு கேட்டாவாம்."

ஸஃப்னா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "அவ்வளவுதானா? அது எனக்குத் தெரியுமே! அதுக்கு இங்கிலீசுல என்ன பதில் சொல்லணும்?"

ரபியா தலைத்துணியை விலக்கினாள். பதிலைக் கேட்டு வர அவள் மறந்துபோயிருந்தாள்.

திருநாள் இன்னும் முடியவில்லை. அடுத்த நாள் காலை ஸஃப்னாவைக் கூட்டிக்கொண்டு ரபியா பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். மிஸ்ஸிடம் கேட்டுவிட்டு அப்படியே, கிழமைக்கு ஒரு நாளாவது பிள்ளைகளுக்கு வந்து சொல்லித் தர முடியுமா என்றும் கேட்பதாக யோசனை. அத்தாஉல்லா மகளின் சப்பாத்துக்குள் கடதாசி மடித்து வைத்துக் கொடுத்தார், கழலாமல் இருக்க.

தண்ணி பைப்படியில் ஒரு பொடியன் ஸஃப்னாவைக் கண்டதும் ஆடத் தொடங்கினான். "லேடீஸ் அண்ட்..."

ரபியா நின்றாள். பைப்படியில் மர்ளியாவும் இன்னும் நாலு பெண்களும் குடத்தோடு இருந்தார்கள்.

"டேய், அது நான் பிழையாச் சொல்லிக் குடுத்தது" என்றாள், எல்லாருக்கும் கேட்க. "சிரிக்கிறதெண்டா என்னயப் பாத்துச் சிரி. இவ ஒண்டும் பயப்படல்ல. எனக்குத்தான் இங்கிலீசு தெரியாது."

பொடியன் ஆட்டத்தைப் பாதியில் விட்டான். மர்ளியாவின் குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை மறந்து, "என்ன ராத்தா சொல்றீங்க?" என்றாள். ரபியாவின் கன்னம் இரண்டும் அடுப்புக்கு முன்னால் இருந்தது போலச் சுட்டது. ஸஃப்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதுகில் அத்தனை கண்ணும் ஒட்டியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. இன்றைக்குப் பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

பஸ் வர நேரம் இருந்தது. ஸஃப்னா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, உதட்டுக்குள் எதையோ கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆடவில்லை. ஒரு சொல்லை எடுப்பாள், வைப்பாள், இன்னொன்றை எடுப்பாள். பிறகு தலையை நிமிர்த்தி, ராகம் ஒன்றும் இல்லாமல், தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"மை... டீச்சர்... ரபியா சாச்சி." கொஞ்சம் நிறுத்தி, "சரியா சாச்சி?" என்றாள்.

ரபியாவுக்கு ஓம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியாது மகள்" என்றாள்.